ஒறம்பரைக்கு அடித்த ஆணி

போன மாதம் தங்கை மகள் வீட்டுக்குப் போகிற வழியில் பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வெறுங்கையோடு போகக் கூடாது, பிஸ்கட்டாவது வாங்கிப் போகலாம் என்று மெயின் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி கையை நீட்டினார். "பையைக் குடுத்துப்போட்டுப் போங்கம்மா." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அறுபதைத் தாண்டியவள், ஓய்வு பெற்ற நர்ஸ், நானா சோப்புக்கட்டியைத் திருடிக்கொண்டு ஓடப் போகிறேன்? ஓடினாலும் எவ்வளவு தூரம் ஓடுவேன், முழங்கால் விடுமா? பையைக் கொடுத்தேன். எண் எழுதிய பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுத்தார்.

உள்ளே அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தார்கள். பினாயில் நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. எதிரே பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், இப்போது செல்போன் கடை இருக்கிற இடத்தில்தான் எங்கள் கிளினிக் இருந்தது. அப்படியென்றால் நான் நிற்கிற இடம்தான் அந்தப் பழைய ஒயின் ஷாப் பார். பருப்பு அடுக்கியிருக்கிற அந்தச் சுவரில்தான் கத்திகள் தொங்கின.

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து, நர்ஸ் படிப்பு முடித்த கையோடு, கழுத்தில் ஒரு சிலுவையும் கையில் ஒரு தகரப்பெட்டியுமாக அந்தக் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். எதிரே என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, 'ஓட்டல்' என்று எழுதினேன். பொய் என்று சொல்ல முடியாது. முட்டைப் பொரியலும் சுண்டலும் அங்கே கிடைத்தன.

முதல் நாளே எங்கள் மேஜைக்கு வந்தவர் ஒரு காதைக் கொண்டுவந்தார். அவருடைய காதுதான். கடித்துத் துப்பியதை யாரோ புண்ணியவான் பொறுக்கி, கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். காதை நான் தாங்கிக்கொண்டேன். டம்ளரின் அடியில் ஒரு சுண்டல் கிடந்தது பாருங்கள், அதைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிட்டேன். டாக்டர் காதுக்காரரை விட்டுவிட்டு முதலில் எனக்குத்தான் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

அந்த பாருக்கு அதற்கு முன்பே ஒரு சரித்திரம் இருந்தது. ஆரம்பத்தில் அது கள்ளுக்கடை. வைத்திருந்தவர், பின்னாளில் பாரை நடத்திய சின்னசாமியின் அப்பா. மரமேறிகள் பாளை சீவும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டே குடிக்க உட்கார்ந்தார்கள். ஒருநாள் இரண்டு பேர் குடல் தெரியக் கீறிக்கொண்டதும் பெரியவர் வாசலை ஒட்டிய சுவரில் வரிசையாக ஆணி அடித்தார். கத்தியை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவரவருக்கு ஓர் ஆணி. காலையில் பினாயில் போட்டுக் கழுவ வேண்டிய நாட்கள் குறைந்தனவாம்.

பிறகு அது சாராயக்கடை ஆனது. குத்தகைக்கு எடுத்தவர் வெளியூர்க்காரர். ஆணிகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, சைக்கிள் செயினைக் கையில் சுற்றிய ஒரு பயில்வானை வாசலில் உட்கார வைத்தார். சண்டை போட்டவர்களை பயில்வான் அடிப்பார், பயில்வானை வெளியே நின்று இன்னும் நாலு பேர் அடிப்பார்கள், எல்லோரையும் சேர்த்து நாங்கள் தைப்போம். அந்தக் காது குத்தகைக்காரர் காலத்தின் கடைசி மாதத்தைச் சேர்ந்தது. பயில்வானின் கண்ணில் ஒருவன் உடைந்த பாட்டிலைச் செருகியதும் குத்தகைக்காரர் ஊரைக் காலி செய்தார்.

அதற்குப் பிறகுதான் சின்னசாமி வந்தார். லைசென்ஸ் வாங்கி, ஒயின் ஷாப்பும் பாருமாக மாற்றி, அப்பா அடித்த இடத்திலேயே மறுபடி ஆணி அடித்தார். மரமேறிகள் போய் பவுண்டரிக்காரர்களும் லேத்துக்காரர்களும் வந்துவிட்டிருந்தார்கள். ஸ்குரூ டிரைவர், உளி, அரம், இரும்பு அறுக்கிற பவர் ஹாக்ஸா பிளேடைத் தீட்டிச் செய்த கத்தி, எல்லாம் அந்தச் சுவரில் தொங்கும். சலூன்காரர் சவரக்கத்தியை மாட்டுவார். மாட்ட ஒன்றும் இல்லாத ஒரு பஸ் கண்டக்டர், மனது கேட்காமல் விசிலை மாட்டிவிட்டுக் குடிப்பார். போகும்போது கால் தள்ளாடினால் ஆயுதம் திரும்பக் கிடைக்காது. மறுநாள் காலையில் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்துதான் வாங்க வேண்டும். எத்தனையோ வீரர்கள் அந்தச் சட்டத்துக்கு மட்டும்தான் பயந்தார்கள்.

அதற்காக அடிதடி நின்றுபோனது என்று நினைத்துவிடாதீர்கள். கையும் பெஞ்சும் பாட்டிலும் இருந்தனவே. மூக்கு, புருவம், முன்பல் என்று எங்களுக்கு வேலை வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதையைச் சொல்ல வேண்டும். "மண்டையைப் பொளந்துபோடுவேனுங்க, சொல்லிப்போட்டேன்" என்பார் ஒருவர். "எங்க, பொளந்து காட்டுங்க பாக்கலாம்" என்பார் மற்றவர். பேச்சில் 'ங்க' இருக்கும்வரை டாக்டர் பேப்பரைக் கீழே வைக்க மாட்டார். அது நின்றதும், "சிஸ்டர், ஊசியைக் கொதிக்கப் போடுங்க" என்பார். ஒருநாளும் அவர் கணக்குத் தப்பியதில்லை.

எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் இயேசுவைச் சிலுவையில் அறைந்த பெரிய வெள்ளிதான் நினைவுக்கு வரும். ஆணியென்றால் எங்களுக்கு அந்த நினைவுதானே. சாராயம் விற்கிறவரை நல்லவர் என்று சொல்லலாமா என்று பாதிரியாரிடம் ஒருமுறை கேட்கப் போய், கேட்காமலே திரும்பிவிட்டேன். எனக்கு சின்னசாமியைப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

அவருடைய மனைவி ருக்குமணி உடுமலைப்பேட்டைப் பக்கம். அவருக்கு ஒரே அண்ணன், ஆறுமுகம், தென்னந்தோப்புக்காரர். தோட்டத்தில் கிடாவிருந்து வைத்திருந்தார் அண்ணன். தங்கையையும் மாப்பிள்ளையையும் அழைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தவர், வீட்டில் மச்சான் இல்லை என்றதும் நேரே பாருக்கே வந்துவிட்டார். அதுவரை அவர் அங்கே கால் வைத்ததில்லை. சின்னசாமிக்கு வாயெல்லாம் பல். "வாங்க மச்சான், வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஃபேனுக்கு அடியில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்தார்.

ஆறுமுகத்தின் வேட்டிக்கட்டில் கத்தி இருந்தது. இளநீர் சீவுகிறவர் அது இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். சின்னசாமி அதைப் பார்த்தார். கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? பெண் கொடுத்த வீட்டு மச்சான், பிள்ளைக்குத் தாய்மாமன், அழைப்புச் சொல்ல வந்த இடத்தில், இடுப்பில் இருப்பதைக் கழற்றுங்கள் என்று சொன்னால் எழுந்து போய்விடுவார். பிறகு தலைமுறைக்கும் பேச்சு இருக்காது. ஒறம்பரை என்று நாங்கள் சொந்தபந்தத்தைச் சொல்வோம். ஒறம்பரைக்கு அந்தச் சுவரில் ஆணி இல்லை.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. பக்கத்து மேஜைக்காரன் ஒருவன் தட்டிவிட்ட குழம்பு ஆறுமுகத்தின் வெள்ளை வேட்டியில் கொட்டியது. அவன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சிரித்துவிட்டான். உடுமலைப்பேட்டையிலிருந்து குழம்பு குடிக்கவா வந்தீங்க என்று கேட்டானாம். ஆறுமுகம் கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்தார். சின்னசாமி பின்னாலிருந்து மச்சானை இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். திமிறித் திரும்பிய கை எங்கே போகிறது என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. சின்னசாமியின் தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில், கத்தி பிடிவரை இறங்கியது.

ரோட்டைத் தாண்டித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது யார் தெரியுமா? ஆறுமுகம்தான். அவர் நெஞ்சிலிருந்து கால்வரை ரத்தம். "டாக்டர், எம் மச்சான காப்பாத்துங்க டாக்டர், எம் மச்சான்" என்று அலறினார். நான் மேஜைமேல் ஏறி மண்டிபோட்டு, முஷ்டியால் காயத்தை அழுத்தினேன். என் கைக்கு அடியில் ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. டாக்டர் உள்ளே ரத்தக்குழாயைத் தேடித் தேடிப் பிடிப்பார், வழுக்கிவிடும், மறுபடி தேடுவார். சின்னசாமியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டே வந்தது.

"நர்சம்மா" என்றார். குனிந்தேன்.

"மச்சான் மேல தப்பில்லீங்க. நாந்தானுங்க கத்தியை வாங்காம உட்டுப்போட்டேன்."

பெரியாஸ்பத்திரிக்குப் போக வேன் வந்து நின்றபோது என் கைக்கடியில் துடிப்பு நின்றிருந்தது. ஆறுமுகம் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். போலீஸ் வரும்வரை அவர் எங்கேயும் ஓடவில்லை. ருக்குமணி வந்தார். புருஷனைப் பார்த்தார், வாசற்படியில் இருந்த அண்ணனைப் பார்த்தார். யாருக்காக முதலில் அழுவது என்று தெரியாமல் ஒரு மனுஷி நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடவுள் எனக்கு அதை இன்னொரு முறை காட்டவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் பார் திறந்திருந்தது. கல்லாவில் ருக்குமணி. பெண்பிள்ளை பார் நடத்துவதா என்று ஊர் ஒரு மாதம் வாயைப் பிளந்தது, பிறகு அங்கேயே போய்க் குடித்தது. திறந்த அன்று அவர் முதலில் செய்த காரியம், எல்லா ஆணிக்கும் நடுவில் பெரிதாக இன்னோர் ஆணி அடித்தது. பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த மகன் செந்தில், "இது யாருக்கும்மா?" என்று கேட்டானாம். "ஒறம்பரைக்கு" என்றாராம்.

அந்த ஆணி வருஷக்கணக்கில் காலியாகவே இருந்தது. எந்த ஒறம்பரையும் அந்தப் பக்கம் வரவில்லை. எம்.எல்.ஏ.வின் தம்பி வந்தார், இன்ஸ்பெக்டரின் மச்சினன் வந்தார், எல்லோரும் மாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். "எல்லாருக்கும் ஒரே செவுருதானுங்க" என்பார் ருக்குமணி. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பயம் எனக்குத் தெரியும். ஊசி போட்டுக்கொள்ள வரும்போது மெதுவாகச் சொல்வார். "பையன் பேசவே மாட்டேங்கறானுங்க நர்சம்மா. லேத்துல வேலை முடிஞ்சு வந்தான்னா அந்தக் காலி ஆணியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறான். எங்கண்ணன் வெளிய வர்ற நாளை நெனச்சா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க."

அண்ணன் வெளியே வந்தார். ஜெயிலிலிருந்து ஊருக்குப் போகாமல், தங்கையைப் பார்க்க நேரே வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தார். நான் ஜன்னலருகே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பார் வாசலில் ஒரு நரைத்த மனிதர் தயங்கி நின்றார். தோளின் வாகைப் பார்த்துத்தான் ஆறுமுகம் என்று கண்டுபிடித்தேன். வெள்ளை வேட்டி இல்லை, ஒரு தொளதொள பேன்ட்.

ருக்குமணி கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். "இடுப்புல இருக்கறதக் குடுங்கண்ணா" என்றாராம். அங்கே பேசியதெல்லாம் பிறகு குடிக்க வந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆறுமுகம் சட்டையை நெஞ்சுவரை தூக்கினார். அப்படியே ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். ஒன்றும் இல்லை. விலா எலும்புதான் இருந்தது. ருக்குமணி வழிவிட்டார். ஒரு நாற்காலி போட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.

யாரோ லேத்துப் பட்டறைக்கு ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். ஊரில் அதற்கென்றே ஆள் இருப்பார்களே. நான் தட்டைக்கூடக் கழுவவில்லை, அதற்குள் செந்தில் வந்துவிட்டான். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச்சட்டை, கையில் ஒரு முழ நீளத்துக்கு ஹாக்ஸா பிளேடுக் கத்தி. ஒருநாளில் தீட்டியது அல்ல அது. அப்படிப் பளபளத்தது. ருக்குமணி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"குடு கண்ணு."

"வழிய உடும்மா."

"குடுத்துப்போட்டு உள்ள போ. எல்லாருக்கும் ஒரே செவுருதான்."

"எங்கப்பனைக் கொன்னவனுக்கு நாற்காலி போட்டிருக்கறியா நீ? வழிய உடு!"

தோளால் இடித்துக்கொண்டு நுழையப் பார்த்தான். ருக்குமணி கத்தியைப் பிடித்தார். பிடியை அல்ல, அலகை. வலது கையால், நடுவில், கம்பியைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தார். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். பஸ் சத்தத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்? ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. முழங்கை வழியாக வழிந்து புடவையை நனைத்து, வாசற்கல்லில் சொட்டியது.

செந்தில் இழுக்கப் பார்த்து நின்றுவிட்டான்.

"இழுத்தீன்னா எம் வெரலு உளுந்துரும். உள்ள போகோணும்னா இழுத்துக்கிட்டுப் போ" என்றார் ருக்குமணி. அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "ஒருக்கா ஒறம்பரைன்னு உட்டதுக்கு உங்கப்பன் போனாரு. நீ எம்புள்ளைன்னு உடச் சொல்றியா?"

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள், ஒருவரும் கிட்டே போகவில்லை. ஆறுமுகம் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். செந்தில் பிடியை விட்டான். தாய் அந்தக் கத்தியை ரத்தத்தோடு கொண்டுபோய் நடு ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டுத்தான் ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார். தனியாகவே வந்தார், இரண்டு பக்கமும் பார்த்து, பஸ்ஸுக்கு நின்று, வழிவிட்டு வந்தார்.

கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை இரண்டாகப் பிளந்திருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் தொங்கின, நரம்பு அறுந்திருந்தது. உடனே கோயம்புத்தூருக்குப் போய் ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்று கெஞ்சினேன். "எங்கண்ணனை உடுமலை பஸ் ஏத்தாம நான் எங்கியும் வரமாட்டேனுங்க. நீங்க கட்டுப் போடுங்க போதும்" என்றார். தைத்தேன். சாயங்காலம் அண்ணனை பஸ் ஏற்றினார். "இனிமே இங்க வராதீங்கண்ணா. எனக்குன்னு மிச்சம் இருக்கறது நீங்க ரெண்டு பேர்தான்" என்று சொன்னதாகக் கேள்வி. ஆப்பரேஷனுக்குக் கடைசிவரை போகவில்லை. அந்த இரண்டு விரல்களும் பிறகு மடங்கவே இல்லை. முஷ்டி பிடிக்க முடியாத கையோடுதான், அரசாங்கமே கடையை எடுத்து நடத்திய காலத்திலும், அந்த பாரை ஏலம் எடுத்து நடத்தினார். ஐந்து விரல் கையால் ஒரு பயில்வான் செய்ய முடியாததை அந்தக் கை செய்தது.

நான் வேலை மாறி ஊட்டிப் பக்கம் போய்விட்டேன். நெடுஞ்சாலையோரம் மதுக்கடை கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்தபோது பாரை மூடிவிட்டார்கள் என்று மட்டும் காதில் விழுந்தது.

"நர்சம்மாதானுங்களே?"

பருப்பு அடுக்கின் எதிரே நின்றுகொண்டிருந்த என்னை யாரோ கேட்டார்கள். தலை முக்கால் நரைத்த ஆள், கண்ணாடி, சட்டைப்பையில் பேனா. செந்தில். கடை அவனுடையது. உட்கார நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான். அம்மா எங்கே என்று நான் கேட்பதற்கு முன் சுவரில் மாட்டிய படம் தெரிந்துவிட்டது. சந்தனமாலை போட்டிருந்தது.

"போன ஆடியிலதானுங்க" என்றான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சுவரையே பார்த்தேன். அவன் புரிந்துகொண்டான்.

"இடிக்கறபோது ஆணியெல்லாம் அம்மாவேதானுங்க புடுங்குச்சு. ஒருத்தரும் வந்து வாங்காத கத்தி ஒரு சாக்குக் கெடந்துச்சு. என் கத்தியும் அதுலதான். பவுண்டரியில கொண்டுபோய்ப் பழைய இரும்போட உருக்கிப்போட்டோமுங்க. இப்ப எந்தக் கெணத்து மோட்டாராகித் தண்ணி எறைச்சுக்கிட்டு இருக்குதோ."

பிறகு அவனாகவே சொன்னான்.

"அம்மாவுக்குக் கடைசியாப் போத்தறதுக்குப் பொறந்த ஊட்டுக் கோடிச்சீலை வரோணுமில்லைங்க? பொறந்த ஊட்டுல அவர் ஒருத்தர்தானே இருக்கறாரு. சொல்லியுடலாமா வேண்டாமான்னு எல்லாரும் எம்மூஞ்சியப் பாத்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவரா வந்துட்டாருங்க. கையில கோடிச்சீலை. கண்ணு சரியாத் தெரியறதில்ல, தடவித் தடவித்தான் நடக்கறாரு. நான் ஊட்டு வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். அவருக்கு என்னைத் தெரிஞ்சுதோ என்னமோ. நடையேறறதுக்கு முன்னால நின்னாருங்க. சீலையக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, சட்டையத் தூக்கி இடுப்பக் காட்டினாருங்க. அப்படியே ஒரு சுத்து சுத்தினாரு. ஆரும் கேக்கலீங்க. அங்க செவுரும் இல்ல, ஆணியும் இல்ல."

"நீ என்ன சொன்னே கண்ணு?"

"வாங்க மாமான்னு சொல்ல வாய் வரலீங்க நர்சம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "வழிய உட்டுட்டேனுங்க."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டச் சொல்லி, வாசல்வரை கூடவே வந்தான். என் கையில் பிளாஸ்டிக் வில்லையைப் பார்த்ததும் செக்யூரிட்டி மேல் பாய்ந்தான். "ஏய்யா, இவிங்ககிட்டப் போயிப் பையை வாங்குவியா? இவிங்க நம்ம ஒறம்ப..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். நான் அவனைப் பார்த்தேன், அவன் பருப்பு அடுக்கிய சுவரைப் பார்த்தான். செக்யூரிட்டி பாவம், என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று நான் வில்லையை நீட்டினேன். அவர் எண்ணைச் சரிபார்த்துப் பையை எடுத்துக் கொடுத்தார்.